கடற்கரைச் சாலையில் ஒரு காத்திருப்பு

காலையில் ராணி மேரிக் கல்லூரி நிறுத்தத்தில் ஒரு அப்பாவும் மகளும் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். சேர்க்கைக்கு வந்தவர்கள்.

சான்றிதழ் கோப்பைத் துணிக்கடைப் பையில் சுற்றி மார்போடு அணைத்திருந்தார் அப்பா. கடற்காற்று பையைப் பிடித்து இழுத்தது. அவர் விடவில்லை.

"இதுதானே மகளிர் கல்லூரி?" என்றார் என்னிடம்.

"ஆமாம் ஐயா, அரசுக் கல்லூரிதான்."

'அரசு' என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் தளர்ந்ததைப் பார்க்க வேண்டும்.

1914 ஜூலையில் இந்தக் கல்லூரி தொடங்கியபோது இருந்தது 37 மாணவிகள். இடம், கேப்பர் மாளிகை. அதற்கு முன் ஹோட்டலாக இருந்த கட்டடம். விருந்தினர் தங்கிய இடத்தில் பெண்கள் தங்கிப் படித்தார்கள். அதற்கு முன் சென்னையில் பட்டம் படிக்க விரும்பிய பெண், ஆண்கள் கல்லூரியில் போய்த்தான் உட்கார வேண்டும். எத்தனை வீடுகள் அனுப்பியிருக்கும்?

முதல் முதல்வர் டோரதி டி லா ஹே, 1936 வரை இங்கேயே இருந்தார். 'சென்னைப் பெண்கள் கல்லூரி' என்பதே முதற்பெயர். 1917-இல்தான் அரசியாரின் பெயர் வந்தது. (எனக்கென்னவோ பழைய பெயர்தான் பிடித்திருக்கிறது.)

2003-இல் தலைமைச் செயலகம் கட்ட இந்த இடத்தைக் கேட்டார்கள். மாணவிகள் எழுந்திருக்க மறுத்துப் போராடினார்கள். கல்லூரி நிலைத்து நின்றது. கேப்பர் மாளிகை மட்டும் இன்று இல்லை.

மகள் சான்றிதழ் கோப்பை வாங்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். காலிப் பையை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மர நிழலில் நின்றார் அப்பா.

என் பஸ் வந்துவிட்டது.