இடமில்லை, ஆனாலும் வாங்குகிறேன்

அலமாரி நிரம்பிவிட்டது என்பது, புத்தகம் வாங்குவதை நிறுத்துவதற்குப் போதுமான காரணமாக எனக்கு ஒருபோதும் தோன்றியதில்லை. முதல் வரிசைக்குப் பின்னால் இரண்டாம் வரிசை, அவற்றின் தலைமேல் படுக்கைவாட்டில் இன்னோர் அடுக்கு, பிறகு நாற்காலி, சன்னல் திண்டு, கட்டிலின் அடிப்புறம் என்று அவை தாமாகவே இடம் தேடிக்கொள்கின்றன; வீட்டிலுள்ளவர்கள்தாம், பாவம், உட்காருவதற்கு முன் ஒருமுறை திரும்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

இருப்பதைப் படித்து முடித்த பிறகு வாங்கக்கூடாதா என்று அவர்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் வாங்குவதும் வாசிப்பதும் வெவ்வேறு மகிழ்ச்சிகள். புதிய நூலைக் கையிலெடுத்து, பொருளடக்கத்தில் விரலை ஓட்டி, நடுவில் எங்கோ ஒரு பத்தியில் கண் நின்றுவிடும்போது, அதை எங்கே வைப்பது என்ற நினைவு யாருக்கு வருகிறது?

அமெரிக்காவின் முன்னாள் குடியரசுத் தலைவர் தாமஸ் ஜெஃபர்சன், போரில் எரிந்துபோன நாடாளுமன்ற நூலகத்தை மீண்டும் உருவாக்குவதற்காக, தம்மிடமிருந்த 6,487 நூல்களை 1815-இல் விற்றார். கடனில் இருந்த அவருக்குப் பணமும் கிடைத்தது, அலமாரிகளும் காலியாயின. அத்தோடு நின்றாரா? புத்தகங்கள் இல்லாமல் தம்மால் வாழ முடியாது என்று நண்பர் ஜான் ஆடம்சுக்குக் கடிதம் எழுதிவிட்டு, மறுபடியும் வாங்கத் தொடங்கினார். கடனே அவரைத் தடுக்கவில்லை என்னும்போது, வெறும் இடநெருக்கடி என்னை எப்படித் தடுக்கும்?

இப்போதைக்குக் குளிர்பதனப் பெட்டியின் மேற்பரப்பு மட்டும் மிச்சமிருக்கிறது. அடுத்த பார்சல் அங்கேதான்.