ரப்பர் முனையின் பிடிவாதம்

மருத்துவக் கருவிகளைச் சோதிக்கும் ஆய்வுக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது, உராய்வு எனக்குத் தெரிந்த விஷயம் என்றுதான் நினைத்திருந்தேன். பாடப்புத்தகத்தில் அது ஒரே வரி. அழுத்தும் விசையை ஒரு எண்ணால் பெருக்கினால் உராய்வு விசை வந்துவிடும். தொடும் பரப்பு பெரிதா சிறிதா என்பது கணக்கிலேயே வராது. லியொனார்டோ டா வின்சி குறிப்பேட்டில் எழுதி வைத்து, யார் கண்ணிலும் படாமல் கிடந்து, 1699-இல் அமோன்டான் மறுபடி கண்டுபிடித்து, 1785-இல் கூலோம் விரிவாகச் சோதித்துச் சொன்ன விதி. இத்தனை பெரியவர்கள் சொன்னதில் எனக்கு என்ன சந்தேகம் வரப்போகிறது?

என் முதல் வேலை ஒரு சிரிஞ்ச் பம்ப். தீவிர சிகிச்சைப் பிரிவில் கட்டில் பக்கத்தில் நிற்குமே, அதுதான். மருந்து நிரப்பிய சிரிஞ்சைப் படுக்கவைத்து, ஒரு சின்ன மோட்டார் திருகைச் சுற்ற, திருகு பிஸ்டனைத் தள்ளும். அவ்வளவுதான் கருவி. ஆனால் எவ்வளவு மெதுவாகத் தள்ள வேண்டும் என்று பாருங்கள். 50 மில்லி சிரிஞ்சின் உள்விட்டம் சுமார் 27 மில்லிமீட்டர். மணிக்கு 1 மில்லி மருந்து போக வேண்டுமென்றால், பிஸ்டன் ஒரு மணி நேரத்தில் ஒன்றேமுக்கால் மில்லிமீட்டர்தான் நகரலாம். நிமிடத்துக்கு ஒரு தலைமுடியின் பருமனில் பாதிகூட இல்லை.

சோதனை முறை எளியது. குழாயின் நுனி ஒரு பீக்கருக்குள் நீர்மட்டத்துக்குக் கீழே இருக்கும். பீக்கர் நுண்தராசின் மேல். நீர் ஆவியாகித் தொலைக்காமலிருக்க மேலே ஒரு படலம் எண்ணெய். தராசு காட்டும் எடையைக் கணினி வரைந்துகொண்டே போகும். சீரான சாய்கோடு வர வேண்டும். எனக்கு வந்தது படிக்கட்டு. சில நிமிடம் கோடு அசையாமல் படுத்திருக்கும், அப்புறம் திடீரென்று ஒரு எகிறல், மறுபடி படுக்கை.

மூன்று வாரம் போனது. திருகின் புரியில் பிழையா என்று அளந்தேன். மோட்டாரை மாற்றினேன். நிரலை எழுதியவரோடு சண்டை போட்டேன் (தப்பு அவர்மேல் இல்லை, பிறகு மன்னிப்புக் கேட்டேன்). ஏசி காற்று தராசை ஆட்டுகிறதோ என்று அட்டைப்பெட்டியால் மூடிப் பார்த்தேன். எல்லாம் சரியாக இருந்தது, படிக்கட்டும் அப்படியே இருந்தது.

எங்கள் கூடத்தில் மூத்த டெக்னீஷியன் ஒருவர் இருந்தார். பல வருடம் கருவிகளைப் பழுது பார்த்தவர். ஒரு நாள் பிற்பகல், பேசாமல் ஒரு சிரிஞ்சில் தண்ணீர் நிரப்பி என் கையில் கொடுத்தார்.

“இதைக் கட்டைவிரலால தள்ளுங்க தம்பி. எவ்வளவு மெதுவா முடியுமோ அவ்வளவு மெதுவா.”

தள்ளினேன். நகரவில்லை. இன்னும் கொஞ்சம் அழுத்தினேன், அப்போதும் இல்லை. இன்னும் ஒரு இழை கூட்டியதும் பிஸ்டன் சட்டென்று விட்டுக்கொடுத்து முன்னால் பாய்ந்தது, நீர் மேசையில் தெறித்தது. மறுபடி முயன்றேன். மறுபடியும் அதே பாய்ச்சல்.

“உங்க விரலுக்கு என்ன கதியோ அதே கதிதான் அந்த மோட்டாருக்கும்” என்றார்.

ஓய்வில் இருக்கும் பொருளை அசைக்க ஒரு விசை வேண்டும், அசைந்த பின் ஓட்டிச்செல்ல அதைவிடக் குறைந்த விசை போதும். இதைப் பள்ளியிலேயே படித்தாயிற்று. ஆனால் இந்த இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் என்ன செய்யும் என்று யோசித்ததில்லை. மோட்டார் தள்ளத் தள்ள, பிஸ்டன் தண்டு லேசாக வளைகிறது, ரப்பர் முனை லேசாக நசுங்குகிறது. எல்லாமாகச் சேர்ந்து ஒரு வில் போல் விசையைச் சேமித்துக்கொள்கிறது. ரப்பரின் பிடி விடும்போது சேமித்தது மொத்தமும் ஒரே மூச்சில் வெளியே வருகிறது. வேகமாகத் தள்ளினால் இது தெரியாது. நத்தை வேகத்தில்தான் தன் சுபாவத்தைக் காட்டும். தாளில் இது ஒரு அசிங்கமான கோடு, அவ்வளவுதான். ஆனால் அந்தச் சிரிஞ்சில் இரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிக்கும் நார்அட்ரினலின் மருந்து இருந்தால்? உடலில் அதன் அரை ஆயுள், அதாவது அளவு பாதியாகக் குறையும் நேரம், இரண்டு நிமிடம் அளவுக்குத்தான். நாலு நிமிடம் மருந்தே போகாமல், பிறகு ஒரு வாய் சேர்ந்து போனால், நோயாளியின் இரத்த அழுத்தமும் அந்தப் படிக்கட்டில்தான் ஏறி இறங்கும்.

அப்புறம் சிரிஞ்சுகள் வந்த பெட்டியைத் தேடி எடுத்தோம். பழைய சரக்கு. தொழிற்சாலையில் சிரிஞ்சின் உட்சுவரில் சிலிக்கோன் எண்ணெயை மெல்லிய படலமாகப் பூசுவார்கள். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் கிடந்தால், ரப்பரின் விளிம்புகள் சுவரை அழுத்தும் இடத்திலிருந்து எண்ணெய் மெதுவாகப் பிதுங்கி ஒதுங்கிவிடும். எவ்வளவு நேரம் நிற்கிறதோ அவ்வளவு இறுக்கமாகப் பிடித்துக்கொள்ளும். இதில் எனக்கு வெட்கமான விஷயம் ஒன்று உண்டு. நின்ற நேரம் கூடக்கூட நகர்த்தும் விசையும் கூடுகிறது என்பதைக் கூலோமே தன் சோதனைகளில் பார்த்து எழுதியிருக்கிறார். பாடப்புத்தகம் அவருடைய விதியை வைத்துக்கொண்டு அவருடைய கவனிப்பை விட்டுவிட்டது. நானும் பாடப்புத்தகத்தோடு நின்றுவிட்டேன். ரப்பரோ அந்த விதிக்கே கட்டுப்படாத சாதி. வேகம் மாறினால், வெப்பம் மாறினால், அதன் உராய்வும் மாறும்.

புதிய பெட்டியிலிருந்து எடுத்துப் போட்டதும் படிகள் சிறு மேடுகளாகச் சுருங்கின. அதோடு விட்டிருக்கலாம். எனக்கு அந்த மேடுகளும் பிடிக்கவில்லை. ஒரு சிரிஞ்சைப் பிரித்து, ரப்பர் முனைக்கு நானே தாராளமாகச் சிலிக்கோன் தடவி மாட்டினேன். கோடு ஸ்கேல் வைத்துப் போட்டது மாதிரி வந்தது! அச்செடுத்து எல்லோரிடமும் காட்டினேன். அன்று சாயங்காலம் சிரிஞ்சைப் பம்பிலிருந்து கழற்றி மேலடுக்கில் வைத்துவிட்டு, குழாயின் நுனியைக் கீழே தரையருகே இருந்த பீக்கரிலேயே விட்டுவிட்டு வீட்டுக்குப் போனேன்.

காலையில் வந்து பார்த்தால் சிரிஞ்ச் காலி. பிஸ்டன் யாரும் தொடாமல் தானாகவே அடிவரை உள்ளே போயிருந்தது. பீக்கர் நிரம்பித் தரையில் ஈரம்.

கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஒரு மீட்டர் உயரத்துக்குத் தொங்கும் நீர்த்தம்பம் 27 மில்லிமீட்டர் பிஸ்டனைக் கிட்டத்தட்ட ஐந்தரை நியூட்டன் விசையோடு உள்ளே இழுக்கும், அதாவது அரைக் கிலோவுக்குச் சற்று மேலான எடை. ரப்பரின் பிடி அதைவிடக் கூடுதலாக இருக்கும்வரை ஒன்றும் ஆகாது. நான் அந்தப் பிடியைத்தான் எண்ணெய் ஊற்றித் தளர்த்தியிருந்தேன். சிரிஞ்சைக் கழற்றும் முன் குழாயை அடைக்கச் சொல்வதும், பம்பை நோயாளிக்கு மேலே உயரத்தில் வைக்காதே என்பதும் எதற்கு என்று அன்றைக்குத்தான் உறைத்தது. மூன்று வாரம் நான் திட்டித் தீர்த்த உராய்வு, யாரும் சொல்லாமலே ஒரு காவல் வேலை பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது.

டெக்னீஷியன் வந்து தரையைப் பார்த்தார், சிரிஞ்சைப் பார்த்தார். “அந்தப் பக்கம் பீக்கர் இருந்துச்சு, சரி” என்று மட்டும் சொல்லிவிட்டுத் துடைக்கத் துணி எடுக்கப் போனார்.

அதன் பிறகுதான் இடுப்பு மூட்டு மாற்று சிகிச்சையின் வரலாற்றை உட்கார்ந்து படித்தேன். இங்கிலாந்தில் ஜான் சார்ன்லி என்ற எலும்பு அறுவை மருத்துவர், 1950-களின் கடைசியில், திடப்பொருள்களிலேயே மிகக் குறைந்த உராய்வுள்ளவற்றில் ஒன்றான டெஃப்லானில் மூட்டுக் கிண்ணம் செய்து நூற்றுக்கணக்கானவர்களுக்குப் பொருத்தினார். முதலில் அற்புதமாக வேலை செய்தது. சில வருடங்களில் கிண்ணம் தேய்ந்து, உதிர்ந்த துகள்கள் சுற்றியிருந்த திசுவைப் புண்ணாக்கின. அந்தத் துகள்களைத் தன் தொடையிலேயே ஊசியால் ஏற்றிப் பார்த்த மனிதர் அவர். 1962-இல் அவர் மாறியது அதிக மூலக்கூறு எடை கொண்ட பாலிஎத்திலீனுக்கு. அதன் உராய்வு டெஃப்லானைவிடக் கூடுதல், தேய்மானமோ பல மடங்கு குறைவு. வழுக்குவது வேறு, தேயாமல் இருப்பது வேறு என்று எனக்குப் புரியவைத்தது அந்தக் கிண்ணம்தான். அதே இடுப்பில், சிமெண்ட் இல்லாமல் தொடை எலும்புக்குள் பொருத்தும் உலோகத் தண்டின் வெளிப்புறத்தை வேண்டுமென்றே சொரசொரப்பாகச் செய்கிறார்கள். எலும்புக்கும் உலோகத்துக்கும் நடுவே அசைவு ஏறத்தாழ 150 மைக்ரானைத் தாண்டினால் எலும்பு வளர்ந்து பற்றாது, நார்த்திசுதான் வளரும். ஒரே உறுப்பு: உள்ளே வழுக்க வேண்டும், வெளியே பிடிக்க வேண்டும்.

எங்கள் துறைக் கருத்தரங்குகளில் முதல் ஸ்லைடு பெரும்பாலும் ஒன்றுதான். உலகம் செலவழிக்கும் ஆற்றலில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு உராய்வை வெல்வதற்கே போகிறது என்று 2017-இல் ஹோல்ம்பெர்க், எர்டெமிர் என்ற ஆய்வாளர்கள் போட்ட மதிப்பீடு. என்ஜினுக்கும் பேரிங்குக்கும் அது சரிதான், அங்கே உராய்வு திருடன். அந்த ஸ்லைடைப் பார்த்துவிட்டு நேராக மருத்துவக் கருவிக்கு வருகிறவர்கள்தான் என்னைப் போல் எண்ணெய்க் குப்பியைத் தேடுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

கைடுவயரை எடுத்துக்கொள்ளுங்கள். இரத்தக் குழாய்க்குள் செலுத்தும் கதீட்டர் என்ற நுண்குழாய்க்கு வழிகாட்டும் மெல்லிய கம்பி. நீர் உறிஞ்சும் பூச்சு போட்டது உலர்ந்திருந்தால் கையுறையில் ஒட்டும். உப்புநீரில் நனைத்ததும் விலாங்கு மாதிரி. நனைந்த கம்பியை இரண்டு விரலில் பிடித்துத் திருப்பப் பார்த்தேன், விரல்தான் சுற்றி வந்ததே தவிர கம்பி அசையவில்லை. அதனால் அதைப் பிடித்துத் திருப்புவதற்கென்றே ஒரு குட்டிப் பிடிப்பானைத் தனியாக மாட்டிக்கொள்கிறார்கள். இத்தகைய பூச்சுகள் உரிந்து இரத்தக் குழாய்க்குள்ளேயே தங்கிவிடுவது பற்றி 2015-இல் அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ எச்சரிக்கையும் வெளியிட்டிருக்கிறது. தையல் நூலும் அப்படித்தான். ஒற்றை இழை பாலிப்ரொப்பிலீன் திசுவை அறுக்காமல் வழுவழுவென்று ஓடும், ஆனால் முடிச்சு நிற்காது. இன்னும் இரண்டு மூன்று சுற்று கூடப் போட வேண்டும். பின்னிய பட்டு நூல் இழுபடும், முடிச்சோ போட்ட இடத்தில் நிற்கும்.

பம்ப் கடைசியில் என்ன ஆனது என்றால், பெரிதாக எதையும் கண்டுபிடிக்கவில்லை. குறைந்த வேகத்துக்குச் சிறிய சிரிஞ்ச் போடு என்று கையேட்டில் எழுதினோம். பரப்பு சுருங்கினால் அதே அளவு மருந்துக்குப் பிஸ்டன் வேகமாக நகரும், படிகளும் சின்னதாகும். நோயாளியோடு இணைக்கும் முன் கொஞ்சம் மருந்தை வெளியே ஓடவிட்டு, இயக்கத்திலுள்ள தொய்வை எடுத்துவிடும்படி ஒரு கட்டாயப் படி சேர்த்தோம். சிரிஞ்ச் சரியாக மாட்டப்படாவிட்டால் கத்தும்படி ஒரு சென்சார். எண்ணெய்க் குப்பி அலமாரிக்குப் போய்விட்டது.

எங்கள் சோதனைப் படிவத்தில் பிஸ்டன் விசைக்கு ஒரு கட்டம் உண்டு. அதில் “இதற்கு மேல் போகக் கூடாது” என்று ஒரு வரம்பு மட்டும் அச்சாகியிருக்கிறது. “இதற்குக் கீழ் போகக் கூடாது” என்பதற்கு இடமே இல்லை. படிவத்தை மாற்றச் சொல்லி இரண்டு முறை எழுதிக் கொடுத்தேன், அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்றார்கள். அதுவரை ஓரத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு, அந்த எண்ணை நானே எழுதிக்கொண்டிருக்கிறேன்.