டேட்டிங் ஆப் படம்: எடுப்பதில் இல்லை, பொறுக்குவதில்தான் கோட்டை விடுகிறோம்

நூறு படம் எடுத்து அதிலிருந்து ஆறைப் பொறுக்கிப் போடுகிறவர்கள் பெரும்பாலும் தவறான ஆறைத்தான் பொறுக்குகிறார்கள். வெளிச்சம் நன்றாக இருந்திருக்கும், சட்டை நன்றாக இருந்திருக்கும், நாற்பத்து மூன்றாவது படத்தில் முகமும் அழகாக விழுந்திருக்கும். ப்ரொஃபைலில் ஏறியதோ அறுபத்து ஏழாவது. பொறுக்க உட்கார்ந்தது படத்தில் இருப்பவரே என்பதுதான் காரணம்.

இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் டேவிட் வைட்டும் அவருடைய குழுவினரும் 102 மாணவர்களை வைத்துச் செய்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஒவ்வொருவருக்கும் ஃபேஸ்புக்கிலிருந்து 12 படம். டேட்டிங்குக்கு எது, வேலைக்கு எது, நண்பர்கள் வட்டத்துக்கு எது என்று தங்கள் படத்தைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள். முன்பின் தெரியாத இன்னொருவர் படங்களுக்கும் அதே வேலையைச் செய்தார்கள். பிறகு சம்பந்தமே இல்லாதவர்களிடம் காட்டி மதிப்பிடச் சொன்னால், அந்நியர் தேர்ந்தெடுத்த படங்களுக்குத்தான் கூடுதல் நல்ல பெயர்.

ஏன் இப்படி? தினமும் கண்ணாடியில் பார்ப்பது இடம் வலம் மாறிய முகம். வகிடு எந்தப் பக்கம், எந்தப் புருவம் கொஞ்சம் தூக்கல், சிரித்தால் உதடு எந்தப் பக்கம் கோணுகிறது, எல்லாமே தலைகீழாகத்தான் நமக்குப் பழக்கம். 1977-இல் வந்த ஓர் ஆய்விலேயே இது தெரிந்துவிட்டது: தன் முகம் என்றால் கண்ணாடிப் பிம்பத்தையும், நண்பர் முகம் என்றால் நேரில் தெரிகிற வடிவத்தையும் மக்கள் விரும்பினார்கள். செல்ஃபி கேமரா பல போன்களில் கண்ணாடி போலவே புரட்டிக் காட்டுவதால்தான் செல்ஃபி நமக்குப் பிடிக்கிறது, அடுத்தவர் எடுத்த படத்தில் மூஞ்சி கோணலாகத் தெரிகிறது. பார்க்கப்போகிறவருக்கு அந்தக் கோணல் கண்ணிலேயே படாது.

ஆகவே முதல் வேலை, பொறுக்கும் பொறுப்பைக் கை மாற்றுவது. பன்னிரண்டு முதல் பதினைந்து படம் வரை ஒதுக்குங்கள். அதற்கு மேல் போனால் பார்க்கிறவர் சலித்துப்போய், கடைசியில் வருவதை எல்லாம் ‘ஓகே’ என்று தள்ளிவிடுவார். யாரிடம் காட்டுவது என்பதில்தான் சூட்சுமம். அம்மாவிடம் காட்டினால் சித்தப்பா பையன் கல்யாணத்தில் பட்டு வேட்டியோடு நின்ற படத்தைச் சொல்வார். நெருங்கிய நண்பன் சிரிப்பு மூட்டும் படத்தைச் சொல்வான். இரண்டு பேருமே படத்தைப் பார்ப்பதில்லை, உங்களைப் பார்க்கிறார்கள். அலுவலகத்தில் வேறு பிரிவில் இருப்பவர், நண்பரின் நண்பர், இப்படி அரைகுறையாகத் தெரிந்த மூன்று நான்கு பேர் போதும். யாருடைய கண்ணில் படவேண்டும் என்று விரும்புகிறீர்களோ, அந்த வயதிலும் பாலிலும் இரண்டு பேராவது இருக்கட்டும்.

‘நல்லா இருக்கா?’ என்று மட்டும் கேட்காதீர்கள், ‘நல்லா இருக்கு’ என்ற பதில்தான் வரும். போனிலேயே, ஆப்பில் தெரிகிற அளவில், ஒவ்வொரு படத்தையும் ஒரு விநாடி காட்டி மூடிவிட்டு, ‘இந்த ஆள் எப்படிப்பட்டவர் மாதிரி இருக்கு?’ என்று கேளுங்கள். கோபக்காரர், களைத்துப்போனவர், எதையோ விற்க வந்தவர் என்றெல்லாம் வாயில் வரும். அதுதான் தகவல். ஒரு முகத்தைப் பற்றி முடிவு கட்டப் பத்தில் ஒரு பங்கு விநாடியே போதும் என்று வில்லிஸ், டோடரோவ் என்ற இரண்டு உளவியல் ஆய்வாளர்கள் 2006-இல் காட்டியிருக்கிறார்கள். விரலால் தள்ளிக்கொண்டே போகிற ஆப்பில் யாரும் அதிக நேரம் தருவதும் இல்லை. மூன்று பேர் தனித்தனியாக ஒரே படத்தைச் சொன்னால், உங்களுக்குப் பிடிக்காவிட்டாலும் அதுதான் முதல் படம். பிடிக்காத படத்தை முதலில் போடுவதற்குக் கொஞ்சம் மனத்திடம் வேண்டும், என்ன செய்வது.

பொறுக்கச் சரக்கு வேண்டுமே. அதற்கு முதலில் பார்க்கவேண்டியது தூரம். மூக்கு பெரிதாக இருக்கிறது என்று வருத்தப்படுகிறவர்களில் பாதிப் பேருக்கு மூக்கில் குறையே இல்லை, கை நீளத்தில்தான் குறை. ஓர் அடி தூரத்தில் எடுத்த செல்ஃபியில், ஐந்து அடியில் எடுத்த படத்தைவிட மூக்கின் அகலம் ஏறக்குறைய 30 சதவீதம் கூடுதலாகத் தெரியும் என்று அமெரிக்காவில் போரிஸ் பாஸ்கோவர் என்ற மருத்துவரின் குழு 2018-இல் கணக்கிட்டுச் சொன்னது. மூக்குச் சிறிதாக்கச் சொல்லி செல்ஃபியைக் காட்டிக்கொண்டு வந்தவர்களால் பிறந்த கணக்கு அது. லென்ஸுக்கு அருகில் இருப்பது பெருத்தும், காதைப் போலத் தள்ளி இருப்பது சிறுத்தும் தெரியும். ஸ்டூடியோக்காரர்கள் தூரத்திலிருந்தே முகத்தை நெருக்கிக் காட்டும் 85 மில்லிமீட்டர் லென்ஸைப் போட்டுக்கொண்டு தள்ளி நிற்பது இதனால்தான்.

போனில் அதையே செய்ய, பின்பக்கக் கேமராவை எடுத்து, ஒன்றரை மீட்டரிலிருந்து இரண்டு மீட்டர் தள்ளி நின்று, 2 எக்ஸ் அல்லது 3 எக்ஸ் ஜூம் வைத்து எடுக்கச் சொல்லுங்கள். ஜூம் லென்ஸ் இல்லாத போன் என்றால் அதே தூரத்தில் நின்று 1 எக்ஸில் எடுத்து, பிறகு வெட்டிக்கொள்ளலாம். 12 மெகாபிக்சல் படம் 4000 × 3000 அளவு வரும். பக்கங்களைப் பாதியாக வெட்டினாலும் 2000 × 1500 மிஞ்சும், ஆப்புக்கு அது தாராளம். பக்கத்தில் வந்து எடுக்காதே என்பதுதான் எடுக்கிறவருக்கு நீங்கள் சொல்லவேண்டிய ஒரே கட்டளை. ஆளே இல்லையென்றால் ட்ரைபாடும் பத்து விநாடி டைமரும் போதும். கேமரா கண் மட்டத்தில், அல்லது அதற்கு ஒரு சாண் மேலே. கீழிருந்து எடுத்தால் மூக்குத் துவாரமும் இரட்டை நாடியும்தான் கதாநாயகர்கள். முழு உருவப் படத்துக்கு மட்டும் கேமராவை இடுப்புக்கும் மார்புக்கும் நடுவில் இறக்குங்கள், இல்லாவிட்டால் கால் குட்டையாகிவிடும்.

வெளிச்சத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம். நேர்வெயில் விழாத பெரிய ஜன்னல், அதிலிருந்து ஒரு மீட்டர் தள்ளி, ஜன்னலை நோக்கிப் பாதி திரும்பிய உடம்பு. ஜன்னலுக்கு எதிர்ப்பக்கக் கன்னத்தில் நிழல் அடர்த்தியாக விழும். ஸ்டேஷனரி கடையில் ஒரு வெள்ளைத் தெர்மாகோல் அட்டை வாங்கி, அந்தப் பக்கம் முகத்திலிருந்து அரை மீட்டரில் யாரையாவது பிடித்துக்கொள்ளச் சொன்னால் நிழல் கரைந்துவிடும். சினிமாக்காரர்கள் காலங்காலமாகச் செய்வதுதான். கண்ணின் கருவிழியில் ஜன்னலின் வெள்ளைப் புள்ளி தெரிகிறதா என்று பாருங்கள். அந்தப் புள்ளி இல்லாத படத்தில் கண் செத்துக் கிடக்கும். பதினைந்தில் எதைத் தள்ளுவது என்று திணறினால், முதலில் தள்ளவேண்டியது புள்ளி இல்லாதவற்றை.

ஜன்னல் வெளிச்சத்தில் எடுக்கும்போது ட்யூப்லைட்டை அணைத்துவிடுங்கள். இரண்டும் கலந்தால் முகம் ஒரு பக்கம் ஒரு நிறமும் மறுபக்கம் இன்னொரு நிறமுமாகப் போகும், எந்தத் திருத்தமும் அதைச் சரிசெய்யாது. நம் வீடுகளில் இன்னொரு தொல்லை சுவர்ப் பெயின்ட். கிளிப்பச்சை, ரோஜா நிறச் சுவரை ஒட்டி நின்றால் தாடைக்குக் கீழே அதே நிறம் பூசிவிடும். சுவரைவிட்டு ஒன்றரை மீட்டர் முன்னே வாருங்கள், பின்னணியும் தானாக மங்கும். வெளியில் என்றால் வராந்தாவின் நிழல் முடிகிற விளிம்பில், வெளியைப் பார்த்து நிற்பது போதும். உச்சிவெயிலில் கண் இருக்கும் இடத்தில் இரண்டு குழிதான் விழும். மாலை வெயில் வேண்டுமானால், சென்னையில் சூரியன் நவம்பர் கடைசியில் 5.40 வாக்கிலும் ஜூலைத் தொடக்கத்தில் 6.40 வாக்கிலும் மறைகிறது. அதற்கு முந்தைய ஒரு மணி நேரம் உங்களுடையது.

நிறம் பற்றி ஒரு வார்த்தை. வெள்ளைச் சுவர் முன்னால், வெள்ளைச் சட்டையோடு நின்றால் கேமரா மொத்தக் காட்சியும் வெளிச்சம் என்று ஏமாந்து எல்லாவற்றையும் இருட்டாக்கும். முகம் மங்கிப்போகும். உடனே ‘கருப்பா விழுந்துட்டேன்’ என்று ஃபில்டர் போட்டு வெளுக்கிறார்கள். அது எக்ஸ்போஷர், அதாவது கேமரா வாங்கும் வெளிச்ச அளவின் கோளாறு, தோலின் கோளாறு இல்லை. திரையில் முகத்தின் மேல் விரலை அழுத்திப் பிடித்து, சூரியக் குறியை மெல்ல மேலே தள்ளுங்கள், முகம் தன் நிறத்திலேயே ஒளிரும். மாநிறத்துக்கும் கருப்புக்கும் மிகப் பொருத்தமான பின்னணி நடுத்தரச் சாம்பல், கரும்பச்சை, செங்கல் போன்றவை. அவற்றின் முன்னால் எந்த ஃபில்டரும் தேவைப்படாது. பல போன்களின் முன்கேமராவில் தோலை வழவழப்பாக்கும் ‘பியூட்டி’ வசதி தானாகவே ஓடிக்கொண்டிருக்கும், அதையும் தேடி அணையுங்கள்.

பவுடரும் வேண்டாம். ஃப்ளாஷ் பட்டால் சாம்பல் பூத்தது போல் தெரியும். டிஷ்யூவால் நெற்றி, மூக்கு, நாடியில் ஒற்றி எடுத்தால் எண்ணெய் மினுமினுப்பு போய்விடும், பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒற்றுங்கள். தலைக்கு முந்தின நாள் குளித்தால் முடி பறக்காமல் அடங்கியிருக்கும். நெருக்கமான கோடு போட்ட சட்டை திரையில் அலையலையாக நெளியும். ஜரிகை மிகுந்த பட்டு வெளிச்சத்தை வாங்கி முகத்தைத் தோற்கடிக்கும். கண்ணாடி போடுகிறவர்கள் கழற்ற வேண்டாம், நேரில் போட்டுக்கொண்டுதானே வரப்போகிறீர்கள். காதுக்கு மேல் உள்ள கம்பியை அரை சென்டிமீட்டர் தூக்கினால் சட்டகம் லேசாகக் கீழே சாய்ந்து, ஜன்னல் பிம்பம் விலகிவிடும்.

முகபாவம்தான் கடினம். ‘சிரிங்க’ என்று சொன்னதும் வருகிற சிரிப்பில் வாய் மட்டும்தான் வேலை செய்யும், கண் பயந்தபடியே இருக்கும். கண்ணை மூடி, மூச்சை விட்டு, மூன்று எண்ணியதும் திறந்து சிரிக்கச் சொல்லி, அந்த நொடியில் தொடர்ச்சியாக எட்டுப் பத்துப் படம் எடுக்கவேண்டும். முதல் முப்பது படம் எப்படியும் விறைப்பாகவே வரும், அதை எண்ணி மனம் தளர வேண்டாம். நெற்றியைக் கேமரா பக்கம் இரண்டு விரல்கடை முன்னே தள்ளி, நாடியைத் துளி தாழ்த்தினால் தாடைக்கோடு தெளியும். நேரில் ஆமை எட்டிப் பார்ப்பது போல் இருக்கும், படத்தில் தெரியவே தெரியாது.

ஸ்டூடியோவுக்கே போகிறீர்கள் என்றால் வாசலிலேயே மூன்று விஷயம் பேசிவிடுங்கள். நீலத் திரை வேண்டாம். முகத்துக்கு நேரே லைட் வேண்டாம், வெளிச்சத்தை மென்மையாக்கும் ஒரு சாஃப்ட்பாக்ஸோ (துணி போர்த்திய லைட் பெட்டி) குடையோ பக்கவாட்டில் 45 டிகிரியில், கண்ணுக்குச் சற்று மேலே. டச்சப்பில் நிறம் ஏற்றவும் தோலை வழவழப்பாக்கவும் வேண்டாம். மூன்றாவதைச் சொல்லாவிட்டால் பழக்கதோஷத்தில் செய்துவிடுவார்கள். பருவை எடுக்கலாம், இரண்டு வாரத்தில் அது தானாகப் போகும். மச்சம், தழும்பு, கழுத்துக் கோடு இவையெல்லாம் சந்திக்கப் போகும்போதும் கூடவே வரும். ஏஐயில் கோட்டு சூட்டோடு செய்து தருகிற படங்களுக்கும் இதே கதிதான். பல்வரிசையும் காதுமடலும் வேறொருவருடையதாகியிருக்கும், ஆப் கேட்கும் செல்ஃபி சரிபார்ப்பிலும் மாட்டிக்கொள்ளும்.

ஸ்டூடியோ பாணிப் படம் ஒன்றே ஒன்று போதும். ஆறும் அப்படியே இருந்தால் ஜாதகத்தோடு தரகர் கொண்டுவந்த படம் போலிருக்கும். முதல் இடத்தில் தலையும் தோளும் தெரிகிற படம், கறுப்புக் கண்ணாடியும் தொப்பியும் இல்லாமல். இரண்டாவது முழு உருவம். அடுத்த இரண்டில் ஏதாவது செய்துகொண்டிருங்கள்: சமைப்பது, ஷட்டில் ஆடுவது, மலையேறுவது. நண்பர்களோடு எடுத்தது ஒன்றுக்கு மேல் வேண்டாம், அதுவும் கடைசியில், யார் நீங்கள் என்று தேடவைக்காததாக. வெட்டும்போது மணிக்கட்டு, முழங்கை, முழங்கால் மூட்டுகளில் வெட்டாதீர்கள், உறுப்பே இல்லாதது போலாகும். முந்தைய காதலின் தோளும் கையும் ஓரத்தில் தொங்குகிற படத்தை வெட்டிப் போடுவதைவிடப் புதிதாக ஒன்று எடுத்துவிடலாம்.

பெண்கள் முக்கியமாகக் கவனிக்கவேண்டியது ஒன்று உண்டு. லிங்க்டுஇன்னில் இருக்கும் அதே படத்தை இங்கே போட்டால், படத்தை வைத்துத் தேடும் வசதியில் உங்கள் முழுப் பெயரும் அலுவலகமும் இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும். ஆப்புக்கென்று எடுத்ததை வேறெங்கும் போடாதீர்கள். கழுத்து அடையாள அட்டை, வண்டி நம்பர் பிளேட், வீட்டு வாசல், அக்கா குழந்தை எதுவும் படத்துக்குள் வரவேண்டாம்.

எடுத்தவரிடமிருந்து படத்தை வாங்கும்போது வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் சுருங்கி, தோலும் முடியும் பிசுபிசுத்துப்போகும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்லுங்கள். அப்படி வரும் கோப்பில் எடுத்த இடத்தின் விவரமும் ஒட்டிக்கொண்டு வரலாம், ஆகவே பதினைந்து படத்தையும் அந்த நான்கு பேருக்குக் காட்டுவது உங்கள் போனிலேயே நேரில் நடக்கட்டும், அனுப்பிவைக்க வேண்டாம்.