அந்த வால்வு இப்போது எங்கே நிற்கிறது?

புதிதாக ஆலைக்கு வரும் ஐடிஐ, டிப்ளமோ பிள்ளைகளுக்கு வால்வுப் பயிற்சி பெரும்பாலும் வகைப் பட்டியலோடுதான் தொடங்குகிறது. கேட், குளோப், பால், பட்டர்ஃபிளை, செக், டயாஃப்ரம் என்று திரையில் படங்கள் ஓடும். மத்தியானச் சாப்பாட்டுக்குள் பாதி மறந்துவிடும். பட்டியலில் குற்றமில்லை, வரிசையில்தான் குற்றம். மணலியோ நெய்வேலியோ தூத்துக்குடியோ, முதல் இரவு ஷிப்டில் அந்தப் பிள்ளையிடம் கேட்கப்போவது, "தம்பி, அந்த வால்வு திறந்திருக்கா, மூடியிருக்கா?" என்றுதான். தொட்டுப் பார்த்து இதற்குத் திடமாகப் பதில் சொல்லத் தெரிந்துவிட்டால் மற்றவை மெல்ல வந்து சேரும்.

ஆகவே மேசைமேல் முதலில் வைக்க வேண்டியது ஸ்பிண்டில் (ஓட்டத்தை அடைக்கும் தகட்டை ஏற்றி இறக்கும் மரைத்தண்டு) மேலேறும் ரகத்தைச் சேர்ந்த 2 அங்குல கேட் வால்வு. ஹேண்ட்வீலுக்கு மேலே மரை நீட்டிக்கொண்டிருந்தால் திறந்திருக்கிறது. வீலோடு ஒட்டி நின்றால் மூடியிருக்கிறது. அடுத்து ஸ்பிண்டில் மேலேறாத கேட் வால்வைக் கொடுக்க வேண்டும். அதில் வெளியே பார்த்துச் சொல்ல எதுவும் இல்லை; சுற்றுகளை எண்ணித்தான் ஆக வேண்டும். 6 அங்குல கேட் வால்வில் தகடு ஏறத்தாழ 150 மில்லிமீட்டர் எழ வேண்டும். மரையின் பிட்ச் (ஒரு சுற்றுக்கு நகரும் தூரம்) 6 மில்லிமீட்டர் என்றால் சுமார் 25 சுற்று. இந்த எண்ணை டேகில் எழுதிக் கட்டிவைப்பது நல்ல பழக்கம். 25 சுற்றில் மூடும் வால்வு 19ல் இறுகினால் அது மூடவில்லை. சீட்டில், அதாவது தகடு போய் உட்காரும் இடத்தில், வெல்டிங் கசடோ துருவோ உட்கார்ந்திருக்கிறது. அங்கே வீலைத் திருகும் நெம்புகோலான வீல் கீயைப் போட்டு இருவர் தொங்கினால் ஸ்பிண்டில் வளையும், சீட் வெட்டுப்படும், பிறகு எத்தனை சுற்றினாலும் பாஸிங் (மூடிய பிறகும் உள்ளே கசிவது) நிற்காது. இரண்டு மூன்று சுற்று திறந்து, ஓட்டத்தைப் பாயவிட்டுக் கசடை அடித்துப்போகச் செய்து, மறுபடி மூட வேண்டும்.

முழுக்கத் திறந்த கேட் வால்வைக் கால் சுற்று பின்னால் விட்டுவைப்பதையும் அப்போதே சொல்லிவிடலாம். திறந்த நிலையில் இறுக்கி வைத்தால், அடுத்த ஷிப்டில் வருபவர் வீலைத் தொட்டுப் பார்த்து, நகராததால் மூடியிருப்பதாக நினைத்துக்கொள்வார். கேட் வால்வைப் பாதி திறந்து ஓட்டத்தைக் கட்டுப்படுத்தக் கூடாது என்பதற்குக் காரணத்தையும் சேர்த்துச் சொன்னால்தான் மனதில் நிற்கும்: தகடு ஓட்டத்தில் கடகடவென்று ஆடும், அதன் கீழ்விளிம்பும் சீட்டும் அரிக்கப்படும். அந்த வேலைக்குக் குளோப் இருக்கிறது. அதன் உடம்பில் வார்த்திருக்கும் அம்புக்குறியைப் பார்த்து மாட்டினால் போதும்.

பால், பட்டர்ஃபிளை எல்லாம் கால் சுற்று ரகம். லீவர் குழாய்க்கு இணையாக இருந்தால் திறப்பு, குறுக்கே நின்றால் மூடல். இதை எல்லோரும் சொல்லிவிடுவார்கள். ஆனால் லீவரைக் கழற்றி 90 டிகிரி மாற்றி மாட்டிவிட முடியும். வால்வைக் காற்றாலோ மோட்டாராலோ திருப்பும் ஆக்சுவேட்டரின் மேலிருக்கும் இண்டிகேட்டரையும் அப்படித்தான். பொய் சொல்லாதது ஷாஃப்ட் நுனியில் வெட்டியிருக்கும் கோடு ஒன்றுதான். பெரும்பாலான வால்வுகளில் அந்தக் கோடு பந்தின் துளையோடு, அல்லது பட்டர்ஃபிளையின் தகட்டோடு ஒரே திசையில் இருக்கும். ஆக்சுவேட்டரை ஏற்றும் முன் அந்தக் கோட்டைப் பார்த்து, பெயின்ட் மார்க்கரால் உடம்பிலும் ஓர் அடையாளம் போட்டுவிட வேண்டும். பந்து 90 டிகிரிக்குப் பதில் 86ல் நின்றாலும் தொல்லைதான். மூடலில் என்றால் பாஸிங். திறப்பில் என்றால் ஓட்டம் டெஃப்ளான் சீட்டின் விளிம்பில் மோதி அதைச் சீவிக்கொண்டே இருக்கும். ஆக்சுவேட்டரின் ஸ்டாப் போல்ட்கள் இருப்பதே இந்தச் சில டிகிரிகளைச் சரிசெய்யத்தான்.

காற்று ஆக்சுவேட்டரில் புதியவர்களுக்குப் புரிய வைக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. திறக்கவும் மூடவும் காற்றையே பயன்படுத்தும் டபுள் ஆக்டிங் ரகத்தின் திருகுவிசை காற்றழுத்தத்துக்கு நேர்விகிதம். 5.5 பாருக்குக் கணக்கிட்டு, தேவைக்கு மேல் 25 சதவீதம் கூட்டித் தேர்ந்தெடுத்த ஆக்சுவேட்டர், லைனில் காற்று 4 பாருக்கு இறங்கினால் தேவையில் 91 சதவீதத்தைத்தான் தரும். ஓடிக்கொண்டிருக்கும் வால்வு அதிலும் சமாளித்துவிடும். ஒரு மாதம் மூடியே கிடந்த வால்வோ அசையாது. அதைக் கிளப்பும் முதல் அசைவுக்குத்தான் அதிகத் திருகுவிசை வேண்டும். "ஆக்சுவேட்டர் போச்சு" என்று எழுதிவைக்கும் முன் ஏர் ரெகுலேட்டரின் கேஜைப் பார்த்துவிட வேண்டும்.

காற்றுப் போனால் ஸ்பிரிங்கே வால்வைத் திருப்பிவிடும் ஸ்பிரிங் ரிட்டர்ன் ரகத்துக்கு உரை வேண்டாம். காற்றுக் குழாயை மூடி, அதில் மிச்சமுள்ள காற்றை வெளியே விட்டுவிட்டு, வால்வு எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கச் சொன்னால் போதும். பர்னருக்குப் போகும் எரிவாயு வால்வு காற்றுப் போனால் மூட வேண்டும். குளிர்நீர் வால்வு திறக்க வேண்டும். ஏன் என்று பிள்ளைகளே சொல்லிவிடுவார்கள். அதன் எண்ட் கவரை மட்டும் அவர்கள் தொடக் கூடாது. உள்ளே அழுந்திக் கிடக்கும் ஸ்பிரிங், தயாரிப்பாளர் சொன்ன முறையில் கழற்றாவிட்டால் கவரோடு சேர்ந்து ஆளை அடிக்கும்.

மோட்டார் ஆக்சுவேட்டரில்தான் அதிகச் சேதம் நடக்கிறது. கேபிள் மாற்றியதும் மூன்று ஃபேஸில் இரண்டு இடம் மாறிவிட்டால், 'திற' என்று கட்டளை கொடுக்கும்போது வால்வு மூடும். எல்லை வந்ததும் நிறுத்தும் லிமிட் ஸ்விட்சும், திருகுவிசை மிஞ்சினால் நிறுத்தும் டார்க் ஸ்விட்சும் காப்பாற்றிவிடும் என்று நினைப்பார்கள். மூடும் பக்கத்து ஸ்விட்ச், மூடும் கட்டளைக்கு மோட்டாருக்கு மின்சாரம் விடும் காண்டாக்டரைத்தான் வெட்டும். இப்போது இழுத்துக்கொண்டு நிற்பதோ திறக்கும் காண்டாக்டர். தகடு சீட்டில் போய் இடித்த பிறகும் மோட்டார் அழுத்திக்கொண்டே இருக்கும். ஓவர்லோடு ரிலே டிரிப் ஆவதற்குள் ஸ்பிண்டில் வளைந்திருக்கும், அல்லது நட்டின் மரை வழித்திருக்கும். அதனால், வயரில் கை வைத்த எந்த வேலைக்குப் பிறகும், மேனுவலில் போட்டு வால்வை நடுவுக்குக் கொண்டுவர வேண்டும். ஒருவர் ஸ்டாப் பட்டனில் விரலை வைத்திருக்க, மற்றவர் ஒரே விநாடி 'திற' கொடுத்து ஸ்பிண்டில் ஏறுகிறதா என்று பார்க்க வேண்டும். இறங்கினால் சப்ளையை அணைத்து, லாக் போட்டு, இரண்டு வயர்களை மாற்ற வேண்டும். ஃபேஸைத் தானே திருத்திக்கொள்ளும் ஆக்சுவேட்டர்கள் வந்துவிட்டன. இருந்தாலும் அந்த ஒரு விநாடியை மிச்சப்படுத்தி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சிக்னலுக்கேற்ப ஓட்டத்தைக் கூட்டிக் குறைக்கும் கண்ட்ரோல் வால்வுக்கு 4, 8, 12, 16, 20 மில்லி ஆம்பியர் கொடுத்து, 0, 25, 50, 75, 100 சதவீதத்தில் நிற்கிறதா என்று ஏறும்போதும் இறங்கும்போதும் குறிக்கச் சொல்லலாம். 12ல் ஏறும்போது 48, இறங்கும்போது 53 என்று வந்தால் உடனே, வால்வைச் சிக்னல் சொன்ன இடத்தில் நிறுத்தும் பொசிஷனரைத் திருக வேண்டியதில்லை. ஸ்பிண்டிலைச் சுற்றிய கசிவை நிறுத்த யாரோ கிளாண்டை இறுக்கியிருப்பார்கள், அதனடியில் அடைத்திருக்கும் பேக்கிங் ஸ்பிண்டிலைக் கவ்விப் பிடித்திருக்கும். இல்லையென்றால், வால்வின் நிலையைப் பொசிஷனருக்குச் சொல்லும் ஃபீட்பேக் லீவர் லூசாக இருக்கும். கிளாண்டு நட்டுகளை மாற்றி மாற்றி, ஒரு தடவைக்கு ஆறில் ஒரு பங்கு சுற்றுக்கு மேல் போகாமல் இறுக்க வேண்டும்.

நேம் பிளேட் படிப்பதை இரண்டாம் நாளுக்கு வைத்துக்கொள்ளலாம். கிளாஸ் 150 என்பது 150 பிஎஸ்ஐ அல்ல என்பது அதில் முக்கியம். அந்த கிளாஸில் டபிள்யூசிபி என்ற வார்ப்பு எஃகு உடம்பு 38 டிகிரி செல்சியஸில் 19.6 பார் தாங்கும், 200 டிகிரியில் 13.8 பார்தான்.

கண்ட்ரோல் ரூம் விளக்கு எதைக் காட்டுகிறது என்ற பேச்சில் 1979 மார்ச் 28ஐச் சொல்லாமல் விட முடியாது. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் த்ரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில் அழுத்தம் விடும் வால்வு ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. பேனல் விளக்கு, வால்வைத் திறக்க வைக்கும் மின்காந்தமான சோலனாய்டுக்கு மின்சாரம் நின்றுவிட்டதைத்தான் காட்டியது. வால்வு மூடியதா என்பதை அல்ல. விளக்கு அணைந்ததால் மூடிவிட்டது என்று நம்பினார்கள். அந்த லைனையே அடைக்க இருந்த பிளாக் வால்வை மூட இரண்டேகால் மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதற்குள் உலைக்குள்ளிருந்து நீர் போய்க்கொண்டே இருந்தது. கட்டளை போனது வேறு, வால்வு போனது வேறு. ஷாஃப்டில் மாட்டிய லிமிட் ஸ்விட்ச் பாக்ஸ் இருக்கிறதா, அல்லது சோலனாய்டு சிக்னலையே திரையில் 'மூடியது' என்று காட்டியிருக்கிறார்களா என்று ஒவ்வொரு வால்வுக்கும் கேட்கப் பழக்க வேண்டும். நிறத்தையும் நம்புவதற்கில்லை: பல மின்நிலையங்களில் சிவப்பு என்றால் திறந்திருக்கிறது, வேறு பல ஆலைகளில் பச்சைதான் அப்படி.

முதல் நாளின் கடைசி ஒரு மணி நேரத்துக்கு வகுப்பறை வேண்டாம். இரண்டு இரண்டு பேராக, டார்ச்சும் ஒரு தாளும் கொடுத்து, பத்து வால்வுகளின் டேக் எண்ணைச் சொல்லி அனுப்பலாம். எந்த வால்வையும் திருகக் கூடாது. பார்த்து, நிலையையும் எதைப் பார்த்து அதைச் சொல்கிறார்கள் என்பதையும் எழுத வேண்டும். திரும்பி வந்ததும் திரையோடு ஒத்துப் பார்க்கலாம். ஒத்துவராத வரி இருந்தால் அதை அழித்துத் திருத்த விடாமல், அந்தத் தாளோடும் ஒரு இன்ஸ்ட்ருமெண்ட் ஃபிட்டரோடும் அந்த வால்வுக்கே திருப்பி அனுப்ப வேண்டும்.