வீடு, வீட்டை, வீட்டுக்கு: நான் லத்தீன் படிக்கப் போன கதை

புதுச்சேரி ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் இருதய ஆண்டவர் பசிலிக்காவின் வாசலுக்கு மேலே லத்தீனில் ஒரு விவிலிய வசனம் இருக்கிறது. இந்த வீட்டைப் புனிதமாக்கி என் பெயரை இங்கே வைத்தேன் என்று ஆண்டவர் சாலமோனிடம் சொல்வது. சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன், ஒரு சொல்லும் புரிந்ததில்லை. பிரெஞ்சு தெரியுமே, லத்தீன் அதற்கு அம்மாதானே என்ற தைரியத்தில் மூன்று மாதம் முன்பு ஆரம்பித்தேன்.

முதல் வாரமே மண்டை காய்ந்துவிட்டது. பிரெஞ்சுப் பெயர்ச்சொல்லுக்கு வேற்றுமை உருபே கிடையாது, அதனால் அது உதவவில்லை. உதவியது பள்ளியில் ஒப்பித்த ஐ, ஆல், கு, இன், அது, கண்தான்.

ரெக்ஸ் என்றால் ராஜா. ரேகெம் ராஜாவை, ரேகீ ராஜாவுக்கு, ரேகிஸ் ராஜாவுடைய. ஐந்தாவதாக ரேகே, நம்முடைய ஆல், ஓடு, இருந்து, இல் எல்லாவற்றையும் இந்த ஒன்றே சுமக்கிறது, பல சமயம் முன்னால் 'கும்' வந்தால் ஓடு, 'எக்ஸ்' வந்தால் இருந்து என்று பார்த்துத்தான் பிரிக்க வேண்டும். ஆறாவது விளி, பெரும்பாலும் எழுவாய் மாதிரியேதான் இருக்கும்.

அகராதியில் ஏன் ரெக்ஸ், ரேகிஸ் என்று இரண்டு வடிவம் போடுகிறார்கள் என்பது ரொம்ப நாள் புரியவில்லை. அப்புறம்தான் உறைத்தது: வீடு என்ற சொல்லோடு அப்படியே 'ஐ' சேர்க்க முடியுமா? வீட்டு என்று ஆக்கினால்தானே வீட்டை, வீட்டுக்கு எல்லாம் வரும். அந்த 'வீட்டு'தான் ரேகிஸில் இருக்கும் 'ரேக்'. இரண்டாவது வடிவத்தை மனப்பாடம் செய்யாமல் முதலாவதை மட்டும் படித்து நான் வீணாக்கிய நாட்கள் கொஞ்சமில்லை.

கஷ்டம் வேறு இடத்தில். நமக்குப் பாட்டிக்கும் மரத்துக்கும் ஒரே ஐ. அங்கே பெயர்ச்சொற்கள் ஐந்து கூட்டம், கூட்டத்துக்கு ஒரு வாய்பாடு, பன்மைக்குத் தனி வாய்பாடு. மரங்களை என்பதில் 'கள்' வேறு 'ஐ' வேறு என்று பிரித்துக் காட்டலாம். லத்தீனில் இரண்டும் ஒட்டிக் குழைந்துவிடும். புவெல்லாய் என்ற ஒரே வடிவம் பெண்ணுடைய, பெண்ணுக்கு, பெண்கள் மூன்றுமாகும். மேசை கூடப் பெண்பால் (நம் மேசையே அந்த மென்சாதான், போர்த்துகீசியர் வழியாக வந்து சேர்ந்தது).

போன ஞாயிறு அந்த வசனத்தை விவிலியத்தில் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். 'தோமும்', வீட்டை, சரி. அடுத்து 'நோமென்', பெயர். செயப்படுபொருள்தானே, உருபு எங்கே என்று தேடினேன், இல்லை. நோமென் அலிப்பால் (ஆண்பாலும் அல்ல, பெண்பாலும் அல்ல), லத்தீனின் அலிப்பால் சொற்களில் எழுவாயும் இரண்டாம் வேற்றுமையும் எப்போதும் ஒரே வடிவம். எரிச்சலாக அம்மாவிடம் சொன்னால், "நாம மட்டும் என்ன, புள்ளைக்குப் பேரை வச்சோம்னா சொல்றோம்? பேரு வச்சோம்னுதானே சொல்றோம்" என்றார்.