குஷிங் நோயைக் கண்டறிய நான் பட்ட பாடு

நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழ முடியவில்லை என்று நான் முதன்முதலில் சொன்னபோது, எடையைக் குறைக்கும்படி சொல்லி அனுப்பிவிட்டார்கள். அடுத்த மூன்று ஆண்டுகளில் ரத்த அழுத்தத்துக்கு ஒருவர், மாதவிடாய்க் கோளாறுக்கு ஒருவர், சர்க்கரைக்கு ஒருவர், தோலுக்கு ஒருவர் என நான்கு மருத்துவர்களிடம் எனக்கு நான்கு கோப்புகள் சேர்ந்தன. கைகால்கள் மெலிந்து முகமும் வயிறும் மட்டும் பருத்ததையும், வயிற்றில் ஒரு விரல் அகலத்துக்குக் கருஞ்சிவப்பு வரிகள் ஓடியதையும், லேசாக இடித்துக்கொண்டாலே தோல் கன்றிப்போனதையும் ஒன்றுசேர்த்துப் பார்த்தவர், ஐந்தாவதாக நான் போய்ச் சேர்ந்த நாளமில்லாச் சுரப்பி மருத்துவர்தான். 1932-இல் அமெரிக்க மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதியபோது, உடலில் மிகுந்து இந்நோயை உண்டாக்கும் கார்டிசால் ஹார்மோனை அளக்கும் வசதியே கிடையாது. நோயாளிகளின் உடலைக் கூர்ந்து பார்த்துத்தான் அவர் எழுதினார். என் உடலை முழுதாகப் பார்க்க ஒருவர் கிடைப்பதற்கே எனக்கு மூன்று ஆண்டுகள் ஆயின என்ற வருத்தம் இன்னும் தீரவில்லை.

மூட்டு ஊசி, இழுப்பு மருந்து, தோல் களிம்பு, பெயர் தெரியாத பொடி என எந்த வழியிலாவது ஸ்டீராய்டு உடலுக்குள் போகிறதா என்று என் மருத்துவர் முதலில் துருவிக் கேட்டார். குஷிங் அறிகுறிகளுக்கு மிகப் பொதுவான காரணம் அதுதான். எனக்கு அப்படி எதுவும் இல்லை என்று உறுதியானதும் பரிசோதனைகளை எழுதிக் கொடுத்தார். கார்டிசால் காலையில் உச்சத்திலும் நள்ளிரவில் அடிமட்டத்திலும் இருக்கும் ஹார்மோன் என்பதால், நினைத்த நேரத்தில் எடுத்த ரத்தம் எதையும் நிரூபிக்காது. எந்த நேரத்தில், எந்த நிலையில் எடுக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. அந்த இடத்தில்தான் ஒவ்வொன்றாகத் தவறின.

முதல் தவறு 24 மணி நேரச் சிறுநீர்ச் சேகரிப்பில் நேர்ந்தது. ஆய்வகத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் கேனைக் கொடுத்து, "நாளைக் காலையில் கொண்டு வந்து கொடுங்கள்" என்று மட்டும் சொன்னார்கள். எழுந்தவுடன் கழித்த முதல் சிறுநீரையும் அதில் பிடித்தேன். மறுநாள் காலையின் முதல் சிறுநீரையும் பிடித்தேன். ஒரு நாள் கணக்கில் இரண்டு இரவுகளின் சிறுநீர் சேர்ந்துவிட்டதை மருத்துவர் கேட்டபோதுதான் உணர்ந்தேன். தொடங்கும் நாளின் முதல் சிறுநீரைக் கழிப்பறையிலேயே விட்டுவிட்டு, நேரத்தைக் குறித்துக்கொண்டு, அதன் பின் வரும் அனைத்தையும் மறுநாள் அதே நேரம் வரை பிடிக்க வேண்டும். இடையில் ஒரு முறை தவறவிட்டாலும் மறுபடி முதலிலிருந்து தொடங்குங்கள். குறைந்தது இரண்டு முறை இந்தப் பரிசோதனை தேவைப்படும் என்பதையும் யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லவில்லை.

இரண்டாவது, டெக்ஸாமெத்தசோன் என்ற செயற்கை ஸ்டீராய்டைக் கொடுத்து, கார்டிசால் அடங்குகிறதா என்று பார்க்கும் பரிசோதனை. இரவு 11 மணிக்கு 1 மில்லிகிராம் மாத்திரை, காலை 8 மணிக்கு ரத்தம். உடல் இயல்பாக இருந்தால் கார்டிசால் டெசிலிட்டருக்கு 1.8 மைக்ரோகிராமுக்குக் கீழே இறங்கிவிட வேண்டும். எனக்கு 9.6 வந்தது. நோய் உறுதியாகிவிட்டது என்று நிம்மதியும் பயமும் கலந்து மருத்துவர் முன் உட்கார்ந்தபோது, அவர் என் பழைய சீட்டுகளைப் புரட்டி, மாதவிடாயைச் சீராக்க நான் விழுங்கிவந்த ஈஸ்ட்ரோஜன் கலந்த மாத்திரையைக் கண்டுபிடித்தார். ஈஸ்ட்ரோஜன், கார்டிசாலைப் பிணைத்து வைக்கும் புரதத்தை ரத்தத்தில் கூட்டிவிடுவதால், அளவு பொய்யாக உயர்ந்து தெரியும். மாத்திரையை நிறுத்தி ஆறு வாரம் காத்திருந்த பிறகே மறுபடி எடுக்க முடியும் என்றார். என் மாதவிடாய் நின்றதற்குக் காரணமே இந்த நோயாக இருக்க, அதற்குக் கொடுத்த மாத்திரையே நோயைக் கண்டறிய விடாமல் தடுத்ததை நினைத்து அன்று வழியெல்லாம் அழுதேன். வலிப்பு மருந்துகள் சிலவும் டெக்ஸாமெத்தசோனை உடலிலிருந்து விரைவாக வெளியேற்றி இதே குழப்பத்தை உண்டாக்கும். என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டால் வாயால் சொல்லாதீர்கள். வீட்டிலுள்ள எல்லா மாத்திரை அட்டைகளையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் சென்று மேசையில் வையுங்கள்.

நள்ளிரவு உமிழ்நீர்ப் பரிசோதனை மட்டும் இரண்டு இரவுகளிலும் சிக்கலின்றி முடிந்தது. ஆறு வாரத்துக்குப் பின் எடுத்த டெக்ஸாமெத்தசோன் பரிசோதனையும் 7-க்கு மேல் காட்டியது.

இதற்குப் பின் வந்த தவறைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை. கார்டிசால் மிகுதிக்குக் காரணம் மூளைக்கு அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியா, சிறுநீரகங்களின் மேலிருந்து கார்டிசாலைச் சுரக்கும் அட்ரீனலா என்று பிரித்தறிய, அட்ரீனலை ஏவும் பிட்யூட்டரி ஹார்மோனான ஏசிடிஎச்சின் அளவைப் பார்க்க வேண்டும். சீட்டில் மருத்துவர் தம் கையாலேயே "ஐஸில் வைக்கவும்" என்று எழுதி அடிக்கோடிட்டிருந்தார். ரத்தம் எடுத்த பெண், ஊதா மூடியிட்ட அந்தக் குழாயை மற்றவர்களின் குழாய்களோடு சன்னலோரத் தாங்கியில் செருகினார். வெயில் அதன் மேல் விழுந்துகொண்டிருந்தது. "ஐஸ் வேண்டாமா?" என்று கேட்டேன். "எல்லாருடையதும் இப்படித்தான் போகும்" என்று சொல்லிவிட்டு அடுத்த எண்ணைக் கூப்பிட்டார். நானும் பேசாமல் எழுந்து வந்துவிட்டேன்.

முடிவு 5-க்கும் கீழே வந்தது. கார்டிசால் மிகுந்து ஏசிடிஎச் அடங்கியிருந்தால் அட்ரீனலில் கட்டி இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஆகவே வயிற்றுக்கு சிடி ஸ்கேன் எடுக்கப்பட்டது. அதில் கட்டி எதுவும் இல்லை. இரண்டு அட்ரீனல்களும் ஒருசேரச் சற்றுப் பருத்திருந்தன. இரு பக்கமும் பருத்திருந்தால் பெரும்பாலும் பிட்யூட்டரி போன்ற ஓரிடத்திலிருந்து ஏசிடிஎச் ஓயாமல் அவற்றை ஏவுகிறது என்று பொருள். மருத்துவர் அறிக்கையைக் கீழே வைத்துவிட்டு, அந்த ரத்தம் எப்படிப் போனது என்று கேட்டார். அறை வெப்பத்தில் ரத்தத்திலுள்ள நொதிகளே ஏசிடிஎச்சைச் சிதைத்துவிடும் என்றும், முன்பே குளிரூட்டிய குழாயில் எடுத்து, ஐஸில் புதைத்து, உடனே குளிர் மையவிலக்கில் சுழற்ற வேண்டும் என்றும் விளக்கினார். அப்படி எடுத்த இரண்டாவது அளவு 52 வந்தது. ஒரு தேவையற்ற கதிர்வீச்சும் ஐந்து வாரமும் அந்தச் சன்னலோரத்தில் போயின. அன்று நான் எழுந்து வராமல் நின்று வாதாடியிருக்க வேண்டும்.

எம்ஆர்ஐ எடுத்ததிலும் ஒரு வீண் பயணம். பதிவு மேசையில் இருந்தவர் பொதுவான மூளை ஸ்கேன் என்று பதிந்துவிட்டதால், பிட்யூட்டரி இயல்பாக இருப்பதாக அறிக்கை வந்தது. இந்நோயில் கட்டி பெரும்பாலும் 10 மில்லிமீட்டருக்கும் சிறியது. பலருக்குப் படத்தில் தெரிவதே இல்லை. சாயம் ஏற்றிக்கொண்டே அடுத்தடுத்துப் படம் பிடிக்கும் பிட்யூட்டரிக்கான தனி முறையில் மறுபடி எடுத்தபோது, இடப்பக்கம் 4 மில்லிமீட்டரில் ஒரு நிழல் தெரிந்தது. ஆனால் நோயே இல்லாதவர்களுக்கும் அப்படிப்பட்ட நிழல்கள் இருப்பதுண்டு என்பதால், அதை மட்டும் நம்பி அறுவை செய்ய மருத்துவர் ஒப்பவில்லை. தொடைச் சிரைகள் வழியாக மெல்லிய குழாய்களைச் செலுத்தி, பிட்யூட்டரியிலிருந்து ரத்தம் வடியும் இரு பக்கச் சிரைகளிலும் கையிலும் ஒரே நேரத்தில் ரத்தம் எடுத்து ஏசிடிஎச்சை ஒப்பிடும் பரிசோதனைக்கு அனுப்பினார்.

இம்முறை முந்தின நாளே செவிலியர் பொறுப்பாளரைத் தேடிப் போய், ஐஸ் ஏற்பாடு உண்டா என்று கேட்டேன். அவர் கோபப்படாமல் என்னை உள்ளே அழைத்துச் சென்று, எண்ணிட்ட குழாய்களையும் அவற்றுக்கான எஃகுத் தட்டையும் காட்டினார். மறுநாள் மேசையில் படுத்திருந்தபோது, பொடித்த ஐஸில் கழுத்தளவு புதைந்து வரிசையாக நின்ற அந்தக் குழாய்களைப் பார்த்ததில் கிடைத்த நிம்மதியை அதற்கு முந்தைய ஏழு மாதங்களில் நான் அடைந்ததே இல்லை. ஏசிடிஎச்சைத் தூண்டும் ஊக்கி மருந்துக்குப் பின், பிட்யூட்டரிப் பக்க அளவு கையின் அளவைப் போல் 3 மடங்கு இருந்தாலே பிட்யூட்டரிதான் மூலம் என்று கொள்வார்கள். எனக்கு 14 மடங்கு வந்தது.

மூக்கின் வழியாகச் செய்த அறுவை சிகிச்சை நன்றாகவே முடிந்தது. மறுநாள் கார்டிசால் 1.1-க்கு விழுந்தது, அப்படி விழுவதுதான் வெற்றி. ஆனால் வீடு திரும்பிய பின் ஏழாம் நாள் தலைவலியும் குமட்டலும் வந்து, சோடியம் 126-க்கு இறங்கியிருந்ததால் மறுபடி சேர்க்க வேண்டியதாயிற்று. பிட்யூட்டரி அறுவைக்குப் பின் முதல் வாரக் கடைசியில் இப்படி நேர்வது அபூர்வமல்ல. வீட்டுக்கு அனுப்பும்போதே சோடியம் பரிசோதனைக்கு நாள் குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்டீராய்டு மிகுதிக்குப் பழகிய உடல் அது குறையும்போது மூட்டுக்கு மூட்டு வலித்துச் சோர்ந்துபோவதையும் எதிர்பார்த்திருங்கள். நோய் திரும்பிவிட்டதென்று நான் வீணாகப் பயந்தேன்.

மீதமுள்ள பிட்யூட்டரி விழித்துக்கொள்ளும் வரை ஹைட்ரோகார்ட்டிசோன் மாத்திரைதான் உயிர். காய்ச்சலில் அளவை இரட்டிப்பாக்க வேண்டும். வாந்தியில் மாத்திரை தங்காவிட்டால் 100 மில்லிகிராம் ஊசி போட்டாக வேண்டும். ஒரு நள்ளிரவில் வாந்தியோடு அவசரப் பிரிவுக்குப் போனபோது வரிசையில் உட்காரச் சொன்னார்கள். இம்முறை நான் உட்காரவில்லை. அவசரத்தில் ஸ்டீராய்டு ஊசி தேவை என்று சொல்லும் என் ஸ்டீராய்டு அட்டையைப் பயிற்சி மருத்துவரின் கண்ணெதிரே நீட்டி, முதல் வரியை உரக்கப் படிக்கச் சொன்னேன். பத்து நிமிடத்துக்குள் ஊசி போட்டார்.

சுரப்பி விழித்ததா என்று பார்க்கும் காலை ரத்தத்துக்கு மாத்திரையைப் போட்டுக்கொண்டு போகாதீர்கள். வழக்கமான மருந்துகளைச் சாப்பிட்டு வரலாம் என்று ஆய்வகத்தில் சொன்னதை நம்பிப் போனதில், விழுங்கிய மாத்திரையே கார்டிசாலாக அளக்கப்பட்டு 19 என்று வந்து என்னை ஒரு நாள் முழுக்க மகிழ வைத்தது. முறையாக எடுத்தபோது 3.2. அது 6.8 ஆகி, பதினான்காம் மாதத்தில் 11.4 ஆனது. மருத்துவர் எண்ணைப் பார்த்துவிட்டு, மாத்திரையை நிறுத்துவதற்கு முன் கையூன்றாமல் ஒரு முறை எழுந்து காட்டச் சொன்னார். எழுந்தேன்.