நாலாவது போல்ட்

"அண்ணா, இது மட்டும் லேசாப் போகுதுங்கண்ணா."

என்னிடம் வேலை பழகும் பையன் சொன்னது இவ்வளவுதான். இன்ஜின் சிலிண்டர்களை மேலிருந்து மூடும் ஹெட்டில் பத்து போல்ட். 40 நியூட்டன் மீட்டர் இறுக்கம் வைத்தாகிவிட்டது, அதற்கு மேல் முதல் 90 டிகிரி திருப்புவதும் முடிந்தது. இரண்டாவது 90-ஐ நடுவிலிருந்து தொடங்கி நாலாவதுக்கு வந்திருந்தான். மூன்றாவது சிலிண்டருக்கும் நாலாவதுக்கும் இடையில் இருக்கிற போல்ட் அது. நான் நிமிர்ந்து பார்த்தேன். போல்ட் தலையில் வைத்திருந்த வெள்ளைப் பெயின்ட் புள்ளி, கிளம்பிய இடத்துக்கு நேர் எதிரே போய் நின்றிருந்தது. கணக்குச் சரி.

"புள்ளி வந்துருச்சில்ல? அடுத்ததுக்குப் போ தம்பி. புள்ளியைப் பாரு, கையைக் கேக்காதே."

அவனும் போய்விட்டான்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று யோசித்தால் என் பழைய பட்டறைதான் ஞாபகத்துக்கு வருகிறது. வைத்த இறுக்கம் வந்ததும் 'டிக்' என்று சொல்கிற டார்க் ரெஞ்ச் அங்கே கிடையாது. ஸ்பேனரில் பைப்பைச் சொருகி, "கைக்கு வரணும்டா" என்பார் மேஸ்திரி. டேப்பெட் கவர் போல்ட்டுக்கு 10 நியூட்டன் மீட்டர் போதும், அதைப் பைப் போட்ட கை உடைத்துவிடும். உடைந்ததைத் துளை போட்டு எடுக்கிற வேலை என் தலையில் விழும். சொந்தமாக வேலை எடுக்க ஆரம்பித்ததும் நான் முதலில் வாங்கிய கருவி டார்க் ரெஞ்ச்தான். வேலை முடிந்ததும் அதைக் அதன் மிகக் குறைந்த அளவுக்குத் தளர்த்தித்தான் பெட்டியில் வைப்பேன். ஒரு தடவை 'டிக்' கேட்டால் போதும், உறுதிக்கு இன்னொரு தடவை இழுக்காதே என்று பையன்களிடம் எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். அதனால் அன்றைக்கு வாயில் வந்தது அவனுக்கான பதில் இல்லை. என் மேஸ்திரிக்கு நான் சொல்ல நினைத்த பதில்.

ஆனால் இதில் இன்னொன்றும் இருக்கிறது. ரெஞ்ச் எப்போதும் முழு உண்மையைச் சொல்லாது. நாம் போடுகிற பலத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டை இழுத்துப் பிடிக்கப் பயன்படுகிறது. மீதியெல்லாம் தலைக்கு அடியிலும் மரையிலும் உராய்விலேயே போய்விடும். மரையில் எண்ணெய் இருந்தால் பிடிப்பு ஒரு அளவு, காய்ந்து கிடந்தால் வேறு அளவு, ரெஞ்ச் இரண்டுக்கும் ஒரே 'டிக்'தான் கொடுக்கும். அதற்காகத்தான் டிகிரிக் கணக்கே வந்தது. கொஞ்சம் டார்க் வைத்து உட்காரவைத்துவிட்டு, அப்புறம் இத்தனை டிகிரி திருப்பினால் போல்ட் இத்தனை நீளும், அந்த நீட்சிதான் ஹெட்டைப் பிடித்து வைக்கும்.

டிகிரிக்கும் தெரியாதது ஒன்று உண்டு. நீள்வது நல்ல போல்ட்டா, ஏற்கெனவே நீண்டு களைத்த போல்ட்டா, இல்லை ஹெட்டுக்குக் கீழே இருக்கிற இன்ஜின் பிளாக்கில் மரையே இளகுகிறதா என்று புள்ளி காட்டாது. கைக்குத்தான் தெரியும். கனம் ஏறிக்கொண்டே வந்து ஓரிடத்தில் அப்படியே நிற்க வேண்டும். திடீரென்று லேசானால் உள்ளே ஏதோ விட்டுக்கொடுக்கிறது. இது எனக்கு அன்றைக்கும் தெரியும்.

அன்றைக்குப் போட்ட போல்ட்டுகள் பழையவை. புது செட் வர இரண்டு நாள் ஆகும் என்றார்கள். வண்டிக்காரருக்கு மறுநாள் கல்யாண சவாரி. அந்த இன்ஜினுக்கு, நீளம் எல்லைக்குள் இருந்தால் பழையதையே போடலாம் என்று மேனுவலிலேயே இருக்கிறது. வெர்னியர் வைத்துப் பத்தையும் அளந்தேன். பத்தும் எல்லைக்குள்தான். ஒன்று மட்டும் எல்லையைத் தொட்டுக்கொண்டு நின்றது. அதைத் தனியாக எடுத்து வைத்திருக்கலாம், ஒரு கோடாவது போட்டிருக்கலாம். கழுவித் துடைத்து மற்றவற்றோடு தட்டில் போட்டுவிட்டேன். எந்த ஓட்டைக்குப் போனது என்று யாருக்கும் தெரியாது. நாலாவதுக்கே போயிருந்தால்?

ஐந்து மாதம் வண்டி நன்றாக ஓடியது. அப்புறம் மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி ஏறும்போது சூடு காட்டும் முள் சிவப்புக்குப் போய் நின்றுவிட்டது, கட்டி இழுத்துக்கொண்டு வந்தார்கள். முதலில் பார்த்தது ரேடியேட்டர் ஃபேனை. அதற்குக் கரன்ட் விடுகிற ரிலே எரிந்திருந்தது. சிலிண்டர்களுக்குள் அழுத்தம் நிற்கிறதா என்று கம்ப்ரஷன் பார்த்தால் இரண்டும் மூன்றும் அடிபட்டிருந்தன. ஹெட்டைக் கழற்றினேன். ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் இடையில் கசிவைத் தடுக்கிற கேஸ்கெட், இரண்டுக்கும் மூன்றுக்கும் நடுவில் தீய்ந்திருந்தது. மூன்றுக்கும் நாலுக்கும் நடுவில் இல்லை. அதைப் பார்த்ததும் எனக்கு வந்தது நிம்மதிதான். இப்போது நினைத்தால் அந்த நிம்மதிதான் பிடிக்கவில்லை.

நேர்ப்பட்டையான ஸ்ட்ரெய்ட் எட்ஜை வைத்து, இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜ் விட்டால் ஹெட் 0.15 மில்லிமீட்டர் வளைந்திருந்தது. அவ்வளவு சூடானால் வளையத்தான் செய்யும். நாலாவது போல்ட் பிடிக்காமல் விட்டதால் கேஸ்கெட் கசிந்து சூடு ஏறியதா, ஃபேன் நின்று சூடு ஏறி ஹெட் வளைந்து கேஸ்கெட் போனதா? பத்து போல்ட்டையும் மறுபடி அளந்தேன். பத்துமே நீண்டிருந்தன. நாலாவது மற்றவற்றைவிட அரை மில்லிமீட்டர் அதிகம். அதிலும் ஒன்றும் தெளிவாகவில்லை. அலுமினிய ஹெட் சூட்டில் விரிந்தால் போல்ட்டை இழுக்கும், ஏற்கெனவே களைத்த போல்ட் கூடுதலாக நீளும்.

வண்டிக்காரரிடம், "ஃபேன் ரிலே போயிருச்சுங்க, அதுல ஹீட் ஆயிருக்கு" என்றேன். பொய் இல்லை. ரிலேயைக் கையில் கொடுத்தும் காட்டினேன். கூலி மட்டும் வேண்டாம், ஸ்பேர் காசு கொடுத்தால் போதும் என்றேன். அவருக்கு சந்தோஷம். தப்பு என் பக்கம் இல்லை என்றால் கூலியை ஏன் விட்டேன் என்பதற்கு இன்றுவரை என்னிடம் பதில் இல்லை. பையன் அப்போது பக்கத்தில் டப்பாவில் டீசல் ஊற்றி நட்டுகளைக் கழுவிக்கொண்டிருந்தான். நான் ரிலே என்று சொன்னபோது பிரஷ் ஒரு நொடி நின்றது. நிமிரவில்லை. அப்புறம் மறுபடி தேய்க்க ஆரம்பித்துவிட்டான்.

இப்போதும் டார்க் ரெஞ்ச் இல்லாமல் யாரையும் ஹெட் மேல் கைவைக்க விடமாட்டேன். கைப்பக்குவத்தை நம்பி உடைந்தவை எத்தனை என்று எனக்குத் தெரியும். கையைக் கேள் என்று பதினெட்டு வயதுப் பையனிடம் சொன்னால் பைப்பைத் தேடிப் போவான். ஆனால் அவன் பைப்பைத் தேடவில்லையே. நான் சொல்லிக்கொடுத்தபடியே திருப்பிவிட்டு, கைக்குப் பட்டதைச் சொன்னான். அவ்வளவுதானே செய்தான்.

இரண்டாவது தடவை புது போல்ட். பிளாக்கில் மரைகளுக்கு மரை வெட்டும் டேப் விட்டுச் சுத்தம் செய்து, ஓட்டைகளில் தண்ணீரோ எண்ணெயோ நிற்காமல் காற்று அடித்து, புள்ளி வைத்து, அவனையே இறுக்கச் சொன்னேன். பக்கத்திலேயே நின்றேன். நாலாவது போல்ட் வந்தது. போல்ட் திருப்பும் எல் ராடைச் சீராக இழுத்தான், புள்ளி எதிர்ப்பக்கம் வந்து நின்றது. அவன் ஒன்றும் சொல்லவில்லை.

"எப்படிப்பா இருக்கு?" என்று நானே கேட்டேன்.

"புள்ளி வந்துருச்சுங்கண்ணா" என்றான்.